சந்தேகம் இருந்தால் கேள்

மகன், ஸலாம் சொல்லித் தொடங்கிற கடிதத்துல பொய் எழுதக் கூடாதெண்டு எங்கட வாப்பா சொல்வார். அதனால ஸலாத்தைச் சொல்லிப்போட்டு, முதல் பத்தியிலேயே உண்மையையும் சொல்லிர்றன். வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய, உன்னை மாப்பிள்ளையாக்கிக் கூட்டிப்போய் டொக்டர் ஹாரூன்ட வீட்டுல விட்டுப்போட்டு நான் தனியத் திரும்பி வரணும். அதை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரியுது. ஊர் முழுக்க என்னட்ட வந்து, உபவேந்தர்ட வீட்டுக்கு உங்கட மகன் மருமகனாப் போறான், நீங்க குடுத்து வச்ச மனிசன் எண்டு சொல்லுது. நானும் சிரிச்சுக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்றன். சிரிச்சுச் சிரிச்சுக் கன்னம் நோகுது.

எங்கட ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. ஆம்பிளை கலியாணம் முடிச்சா அங்க போய்த்தான் குடியிருக்கணும். நானும் உன்ட உம்மாட வீட்டுக்கு ஒரு சூட்கேசோட வந்தவன்தான். அண்டைக்கு என்ட வாப்பா என்னை விட்டுப்போட்டு வெளிக்கிடேக்க, காலுல போட்டிருந்த செருப்பைத் தேடுற மாதிரி வாசல்ல குனிஞ்சு கனநேரம் நிண்டார். ஏன் குனிஞ்சார் எண்டு இப்பதான் எனக்கு விளங்குது. எண்டாலும் அவர் என்னை விட்டது தனக்கு ஒரு பகையுமில்லாத மனிசன்ட வீட்டுல. நான் உன்னை விடப்போறது, பள்ளிக்கூடக் காலத்துல இருந்து நான் பொறாமைப்பட்ட ஒருத்தன்ட வீட்டுல. அந்த வீட்டுக்குள்ள நீ கால் வைக்க முதல் உனக்கு ஒரு விசயம் தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

ஹாரூனும் நானும் ஒரே வாங்குல இருந்து படிச்சவங்க. விலங்கியல் பாடத்துக்குத் தவளைப் படம் கீறுறதுல நான் அவனை விட விண்ணன். சேர் என்ட கொப்பியைத்தான் மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார். பரீட்சை முடிவு வந்தப்ப அவனுக்கு வைத்தியப் படிப்புக் கிடைச்சுது, எனக்குக் கொஞ்சத்துல தவறிப்போச்சு. திரும்பவும் எடுத்தன், திரும்பவும் தவறிச்சு. அவன் வெள்ளைக் கோட்டுப் போட்டுப் படம் பிடிச்சு ஊருக்கு அனுப்பின நேரம், நான் என்ட மாமாட கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கப் பழகிக்கொண்டு இருந்தன். அவன் படிச்சு முடிச்சு எந்த வைத்தியத்தை எடுப்பான் எண்டு நினைக்கிறாய்? உலகத்துல இதயம் இருக்கு, எலும்பு இருக்கு, பல் இருக்கு. அவன் கண்ணை எடுத்தான். வெளிநாட்டுல மேற்படிப்பும் படிச்சு, மருத்துவ பீடத்துல விரிவுரையாளராகி, சனி ஞாயிறுகள்ல கல்முனைக்கு வந்து கிளினிக்கும் போட்டான். அவன் கண்ணைச் சோதிச்சு, என்ன லென்ஸ் எண்டு துண்டு எழுதுவான். சனம் அந்தத் துண்டைக் கொண்டு என்ட கடைக்கு வரும். அவன் எழுதினபடி நான் கண்ணாடி செய்யணும். இது எப்பிடிப்பட்ட சோதனை எண்டு நீ யோசிச்சுப் பார்.

நேர்மையாச் சொன்னா அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யல்ல. என்னைக் கண்டா மச்சான் எண்டு கட்டிப்பிடிப்பான். நல்ல கண்ணாடி வேணுமெண்டா அவனிட்டப் போங்க எண்டு என்ட கடையைத்தான் கைகாட்டுவான். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஒரு பிழையாவது விட்டானெண்டா பிடிச்சுக்கொள்ளலாம் எண்டு இருந்தன். அவன்ட துண்டு ஒவ்வொண்டையும் மற்ற டொக்டர்மார்ட துண்டை விடக் கூர்ந்து பார்ப்பன். வருசக்கணக்காப் பார்த்தன். ஒண்டும் அகப்படல்ல.

ஒருநாள் அகப்பட்டுது. நீ அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சுக்கொண்டு இருந்தாய். பக்கத்து ஊர் பாண்டிருப்புல இருந்து கனகம்மா டீச்சர் வந்தா. தையல் படிப்பிச்சு ஓய்வுபெற்ற மனிசி. ஓய்வுக்குப் பிறகும் வீட்டுல மெசின் வச்சு, சட்டை, ரவிக்கை எண்டு தைச்சுச் சீவிச்சவ. ஹாரூன்ட துண்டை என்ட கையில தந்தா. அவவுக்குக் கிட்டத்துல பார்க்க, தையலுக்குக் கண்ணாடி. பழைய கண்ணாடி ரெண்டு கண்ணுக்கும் ப்ளஸ். துண்டுல இடக்கண்ணுக்குச் சரியா ப்ளஸ் எழுதி, வலக்கண்ணுக்கு மைனஸ் எழுதியிருந்தான். வேலைக் களைப்புல பேனா தவறியிருக்கும். கண்ணாடிக் கடையில ரெண்டு மாசம் நிண்ட ஆளுக்கும் அது பிழையெண்டு தெரியும். வழமையா இப்பிடிச் சந்தேகம் வந்தா நாங்க டொக்டருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்போம். இல்லாட்டி துண்டைத் திருப்பி அனுப்புவம். அதுதான் தொழில் மரியாதை.

நான் கேக்கல்ல. எழுதினபடியே வெட்டிக் குடுத்தன்.

என்ட எண்ணம் என்னவெண்டா, டீச்சர் ரெண்டு நாளுல தலையைப் பிடிச்சுக்கொண்டு ஹாரூனிட்டப் போவா, கிளினிக் நிறைஞ்ச சனத்துக்கு முன்னால நியாயம் கேப்பா, பெரிய டொக்டருக்குக் கண் பார்க்கத் தெரியாதெண்டு ஊர் கதைக்கும். அந்தத் துண்டை மடிச்சு என்ட பேர்சுக்குள்ள பத்திரப்படுத்தினன். சாட்சி வேணும்தானே.

டீச்சர் ஹாரூனிட்டப் போகல்ல. என்னட்டத்தான் வந்தா. ஊசிக் காது ரெண்டாத் தெரியுது தம்பி, தலை சுத்துது எண்டா. நான் அப்பவும் சொல்லியிருக்கலாம். பழகப் பழகச் சரியாகும், இல்லாட்டி டொக்டரிட்டயே போய்க் கேளுங்க எண்டன். அதுக்கு அந்த மனிசி சொன்னது இப்பவும் என்ட காதுக்குள்ள கிடக்கு.

"டொக்டர் பிழை விடுவாரா தம்பி? என்ட கண்தான் பிழை."

அந்தக் கிழமையே யுத்தத்தால ரோட்டுப் பிரச்சினை தொடங்கிச்சு. சுற்றிவளைப்பு, சோதனை, இண்டைக்கு அந்தப் பக்கம் போகேலாது, நாளைக்கு இந்தப் பக்கம் வரேலாது. ஹாரூனும் கிளினிக்குக்கு வாறதை நிப்பாட்டினான். டீச்சர் ஆறு மாசம் அந்தக் கண்ணாடியோட இருந்தா. மெசினுக்கு உறை போட்டு மூடிப்போட்டா எண்டு அந்தப் பக்கத்துல இருந்து வாற பால்காரர் சொன்னார். நான் ஒரு துண்டுல ரெண்டு வரி எழுதி அவரிட்டக் குடுத்து விட்டிருக்கலாம். ஒரு லென்ஸ் மாத்துற வேலை, மகன். நான் செய்யல்ல. அவனுக்கு வச்ச குறி அவனில படவேயில்ல, ஒரு பாவமும் அறியாத மனிசியில பட்டுது எண்டு தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல்ல. திறந்தா என்ட வெக்கம்தானே வெளிய வரும்.

ரோட்டுத் திறந்த மறுகா அவ ஹாரூனிட்டப் போய், அவன் பார்த்து, புதுசா எழுதிக் குடுத்திருக்கிறான். அந்தத் துண்டோட என்னட்ட வந்தா, நானும் செய்து குடுத்தன். அவன் என்னட்ட ஒரு கதையும் கேக்கல்ல. ஆனா அதுக்கு அடுத்த கிழமையில இருந்து அவன்ட ஒவ்வொரு துண்டுலயும் அடியில ஒரு வரி கையால எழுதியிருக்கும். சந்தேகம் இருந்தால் கேள். கேளுங்க எண்டு கூட இல்ல, கேள். எனக்கு உச்சியில ஏறிச்சு. இவன் வாத்தியார், நான் படிக்கிற பொடியன் எண்டு நினைச்சிட்டானோ எண்டு. ஒரு நாளைக்கு அஞ்சு துண்டு வந்தா அஞ்சு தரம் அந்த வரியை வாசிக்கணும். நீ கூட ஒருக்கா, ஏன் வாப்பா துண்டைக் கண்டா பல்லைக் கடிக்கிறீங்க எண்டு கேட்டாய். ஞாபகமிருக்கும்.

மறுகா கடல் வந்திச்சு. நீ அப்ப மருத்துவ மாணவன், லீவுல வீட்டுல நிண்டாய். கடற்கரை வீதியில இருந்த என்ட கடை அத்திவாரத்தோட போயிட்டு. உன்ட சாச்சியையும் பிள்ளைகளையும் நாங்க தேடினம். தேடி எடுத்ததும், எடுக்காததும் உனக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்ல. ரெண்டாம் நாள் உன்னைக் காணல்ல எண்டு உம்மா அழுதா. நான் தேடிக்கொண்டு வந்தா, சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துல, கொழும்புல இருந்து கிடைச்ச வாகனத்துல ஏறி வந்த ஹாரூன் மேசை ஒண்டைப் போட்டு, மண்ணும் உப்புத்தண்ணியும் போன கண்களைக் கழுவிக்கொண்டு நிக்கிறான். நீ பக்கத்துல டோர்ச் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். அவன் உன்னைப் பார்த்து, "மகன், இன்னும் கிட்ட வா" எண்டான். நீ ஓம் சேர் எண்டு கிட்டப் போனாய்.

மையத்துகளை அடக்கிக்கொண்டு இருந்த நாள், மகன். அண்டைக்கு என்ட நெஞ்சுல குத்தினது எது தெரியுமா? அவன் உன்னை மகன் எண்டு கூப்பிட்டது. கடை போனதுக்கு நான் அப்பிடி வேகல்ல. நீ உயிரோட நிக்கிறதைக் கண்டு நெத்தியை நிலத்துல வச்சுச் சுஜூது செய்ய வேண்டிய இடத்துல, வாசல்ல நிண்டு வெந்துபோட்டு, உன்னைக் கூப்பிடாமலே திரும்பி வந்தன். இதை உன்ட உம்மாவுக்கும் நான் சொன்னதில்ல.

பிறகு அவன் தெரிஞ்ச ஆக்களிட்டச் சொல்லி, பெட்டி பெட்டியாக் கண்ணாடி எடுப்பிச்சு என்னட்டத் தந்தான். கடலுல கண்ணாடி பறிகுடுத்த சனத்துக்கு ஒவ்வொருத்தருக்கும் பார்த்துப் பொருத்திக் குடு மச்சான், உன்னை விட இதுக்கு ஆளில்ல எண்டான். மாசக்கணக்கா நிண்டு பொருத்தினன். கோணிப்போன பிரேமையெல்லாம் நிமித்தினன். போட்டுப் பார்த்துப்போட்டுச் சனம் என்ன சொல்லும்? டொக்டர் தந்த கண்ணாடி நல்ல வடிவாத் தெரியுது எண்டு சொல்லும். அவனோ என்ட பேரைத்தான் எல்லா இடமும் சொன்னான். அது எனக்கு இன்னும் எரிஞ்சுது. குடுக்கிறவனாவும் அவன், பாராட்டுறவனாவும் அவன்.

யுத்தம் முடிஞ்ச வருசம் அவன் திரும்பவும் வந்து கூப்பிட்டான். வன்னியில இருந்து வந்து முகாம்ல கிடக்கிற சனத்துக்குக் கண் பார்க்கப் போறன், ஒரு மாசம் புதுக் கடையைப் பூட்டிப்போட்டு லென்ஸ் பெட்டியோட வா எண்டான். எனக்கு நாரிப் பிடிப்பு, இடுப்பு நோகுது, பஸ்ஸுல இருக்கேலாது எண்டன். பொய். நாரி கல்லு மாதிரி இருந்திச்சு. அவனோட போனா ஒரு மாசம் அவன்ட பேரைக் கேட்டுக்கொண்டு இருக்கணுமே எண்ட பயம். நீ போனாய். அப்ப நீயும் டொக்டர். திரும்பி வரேக்க மெலிஞ்சு, கறுத்து, முகம் வேற ஒருத்தன்ட முகமா இருந்திச்சு. சாப்பாட்டுக்கு இருந்த இடத்துல, "வாப்பா, அங்க ஒரு தாய்" எண்டு தொடங்கினாய். அடுத்த சொல்லு சேர் எண்டு வரும் எண்டு எனக்குத் தெரியும். ஆணத்தைப் போட்டுச் சாப்பிடு, ஆறப்போகுது எண்டன். நீ என்ட முகத்தைப் பார்த்துப்போட்டுக் குனிஞ்சு சாப்பிட்டாய். அந்தத் தாய் யார், அவவுக்கு என்ன நடந்தது எண்டு நீ பிறகு சொல்லவே இல்ல. நானும் கேக்கல்ல. நான் உனக்குச் செய்த பிழைகளுக்குள்ள பெரிய பிழை அதுதான்.

அடுத்ததா அவன் உபவேந்தரானான். பீடாதிபதியா இருந்தவனைத் தூக்கி ஒரு பல்கலைக்கழகத்துக்கே தலைவராக்கிப் போட்டாங்க. கண் பார்க்கிறவனுக்குப் பல்கலைக்கழகத்துல என்ன வேலை எண்டு நான் தேத்தண்ணிக் கடையில நிண்டு கதைச்சன். பிள்ளைகள் வகுப்புக்குப் போகாம வாசலை மறிச்சுக்கொண்டு இருந்த இடமாம் அது. இவன் போன முதல் கிழமையே தன்ட கதிரையை அறைக்கு வெளிய தூக்கிப் போட்டு, மரத்தடியில இருந்து அவங்கட கதையைக் கேட்டானாம். அறைக் கதவுல ஒரு பலகை தொங்கவிட்டானாம். அதுல என்ன எழுதியிருக்கெண்டு நீதான் வந்து சொன்னாய். சந்தேகம் இருந்தால் கேள். நான் எழும்பிக் கிணத்தடிக்குப் போயிட்டன்.

ஊர் அவனுக்குப் பொன்னாடை போர்த்தின கூட்டத்துக்கு நீ என்னை இழுத்துக்கொண்டு போனாய். மூணாவது வரிசையில உனக்குப் பக்கத்துல இருந்தன். அவன் தன்ட பட்டம் பதவி ஒண்டையும் கதைக்கல்ல. தான் விட்ட ஒரு பிழையைக் கதைச்சான். ஒரு தையல் டீச்சருக்குத் துண்டுல பிழையா எழுதிக் குடுத்திட்டனாம். கண்ணாடி செய்தவன் தன்ட கூட்டாளியாம், தன்னை விடக் கெட்டிக்காரனாம். அவனுக்குப் பிழை தெரிஞ்சிருக்கும், ஆனா டொக்டரிட்டக் கேக்கிறதுக்குப் பயந்திருப்பான், ஒரு வாங்குல இருந்து படிச்சவனே கேக்கப் பயப்பிடுற மாதிரி நான் வளர்ந்து போயிருக்கிறன் எண்டு தனக்கு வெக்கமாப் போச்சாம். அண்டையில இருந்துதான் அந்த வரியை எழுதத் தொடங்கினானாம். மண்டபம் முழுக்கக் கைதட்டிச்சு. நீயும் தட்டினாய். என்ட பேர்சுக்குள்ள அந்தத் துண்டு இருந்திச்சு. கடல் வந்த நாளும் அது என்ட இடுப்புலதான் இருந்தது, மை கசிஞ்சிருந்தாலும் அந்த மைனஸ் மட்டும் அழியல்ல.

அதுக்குப் பிறகு அவன்ட மனிசி உன்ட உம்மாவிட்ட வந்து, தங்கட மகள் நஸ்ரினுக்கு உன்னைக் கேட்டா. உன்ட முகத்துல இருந்த சந்தோசத்தைப் பார்த்து நான் ஓம் எண்டன். வீட்டுக்கு மேல்மாடி கட்டி, பெயின்ட் அடிச்சு, உனக்கெண்டு ஒரு அறையில கண் பார்க்கிற கதிரையும் வச்சிருக்கிறாங்க. நான் பேசாம இருந்திருந்தா எல்லாம் வடிவா முடிஞ்சிருக்கும். ஆனா நீ அந்த வீட்டுல இருந்து, அவன் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, எங்கட வாப்பாதான் அந்தப் பயந்த கூட்டாளி எண்டு நம்பிக்கொண்டு வாழுறதை நினைக்க எனக்குச் சோறு இறங்கல்ல. திங்கக்கிழமை அஸர் தொழுதுபோட்டு நேரா அங்க போனன்.

ஹாரூன் மாடியில நிண்டு பெயின்ட் அடிக்கிற ஆக்களோட கதைச்சுக்கொண்டு இருந்தான். சம்மந்தி வாங்க எண்டு பகிடியா மரியாதை குடுத்தான். நான் பேர்சைத் திறந்து துண்டைக் குடுத்தன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திப்போட்டு, கிட்டப் பிடிச்சு வாசிச்சான். தன்ட எழுத்தெண்டு தெரிஞ்சுது. நான் பயந்ததால கேக்காம விடல்ல, பொறாமையால விட்டன் எண்டன். வேற ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லல்ல. பெயின்ட் ஆக்களைக் கீழ போகச் சொன்னான். கோபம் வந்தா அவனுக்கு மூக்கு நுனி சிவக்கும், சின்ன வயசுல இருந்து எனக்குத் தெரியும். சிவந்திச்சு. இவ்வளவு காலமும் ஒரு பொய்க் கதையைச் சபைகள்ல சொல்லித் திரிஞ்சிருக்கிறனே எண்டான். அடிச்சாலும் வாங்கிக்கொள்றதெண்டு நிண்டன். அவன் கேட்டது வேற.

"டீச்சரிட்டச் சொல்லிப்போட்டியா?"

மகன், என்ட பொறாமைக்கு அண்டைக்குத்தான் சரியான காரணம் கிடைச்சுது. அவனிட்டப் போறதெண்டு எத்தனை நாள் யோசிச்சிருப்பன்? அவன் என்ன நினைப்பான், நீ என்ன நினைப்பாய், கலியாணம் நிக்குமா, எல்லாம் யோசிச்சன். அந்த மனிசிட நினைப்பு எனக்கு ஒருக்கா வரல்ல. அவனுக்கு அதுதான் முதல் வந்திச்சு. அவன்ட வெள்ளைக் கோட்டுக்கும் கதிரைக்கும் நான் எரிஞ்சது வீண். இந்தக் கேள்விக்கு எரிஞ்சிருக்கணும். இப்ப எரியிறன்.

செவ்வாய்க்கிழமை பாண்டிருப்புக்குப் போனன். டீச்சர்ட பழைய வீட்டைக் கடல் எடுத்திட்டு. இப்ப மீள்குடியேற்ற வீட்டுல, மகளோட. நல்ல வயசு போயிட்டு, எண்டாலும் மெசின் ஒண்டு சன்னலுக்குப் பக்கத்துல இருக்கு. நடந்ததைச் சொன்னன். அவ மடியில கிடந்த துணியை நாலா மடிச்சா.

"அந்த ஆறு மாசமும் நான் என்ட கண்ணைத்தான் ஏசினன், தம்பி. நீங்க தெரிஞ்சுகொண்டா இருந்தீங்க?"

ஓம் எண்டன். அவ மன்னிச்சன் எண்டு சொல்லல்ல, நானும் கேக்கல்ல. மகள் தேத்தண்ணி கொண்டுவந்தா, குடிச்சன். வெளிக்கிடேக்க, போட்டிருந்த கண்ணாடியைக் கழட்டித் தந்து, கால் ஒண்டு ஆடுது, பார்த்துத் தாங்க எண்டா. என்ட சின்னத் திருப்புளி எப்பவும் சேட்டுப் பையில இருக்கும். முறுக்கிக் குடுத்தன். போட்டுப் பார்த்துப்போட்டு, ஊசியில நூல் கோத்தா. ஒரே தரத்துல கோத்தா.

ஹாரூன் நேத்து கோல் எடுத்தான். போனியா எண்டு கேட்டான், போனன் எண்டன். மத்தது, வெள்ளிக்கிழமை நேரத்துக்கு வா, உன்ட மகனை வெயில்ல நிப்பாட்டாத எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டான். உன்ட மகன் எண்டுதான் சொன்னான். நான் அதைக் கவனிச்சன். பொறாமைக்காரனுக்குக் காது கூர்மை.

புத்திமதி சொல்ற தகுதி எனக்கில்ல. உனக்கு ஒருத்தனில பொறாமை வந்தா அவனிட்டயே போய்ச் சொல்லிப்போடு, பேர்சுக்குள்ள வச்சுக்கொண்டு திரியாத. அவ்வளவுதான். அவனை மாமா எண்டு வாய் நிறையக் கூப்பிடு, அவன் படிப்பிக்கிறதைப் படி. நான் வாசல்ல குனிஞ்சு செருப்புத் தேடினா, கண்டும் காணாத மாதிரி உள்ளுக்குப் போ. ஆறுதலா ஒருநாள் கடைக்கு வந்து, வன்னியில கண்ட அந்தத் தாயிட கதையை எனக்குச் சொல்லு. சேர்ட பேர் எத்தனை தரம் வந்தாலும் நான் கேட்டுக்கொண்டு இருப்பன்.

அந்தப் புது அறையில இருந்து நீ எழுதுற முதல் துண்டை என்ட கடைக்கு அனுப்பு. அடியில மாமாட வரியை எழுதத் தேவையில்ல. நான் கேப்பன்.

உன்ட வாப்பா